ரந்தாவ் சடக்கில் திரும்பி வந்தோம்

ரெம்பாவ் பக்கமிருந்து ரந்தாவுக்கு வரும் சடக்கில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இரு பக்கமும் செம்பனை மரங்கள். பத்தொன்பது நாள் ஊர் சுற்றிய எங்கள் வேன், வீட்டை நெருங்க நெருங்கத் தானாகவே விரைவது போலிருந்தது.

"மெல்லப் போ ஐயா. வீடு எங்கேயும் ஓடிடாது" என்றார் அம்மா.

தம்பி வேகத்தைக் குறைத்தான். வேனுக்குள் யாரும் பேசவில்லை. வீடு ஓடிவிடாதுதான். ஆனால் அந்த வீட்டில் நாங்கள் இருக்கப்போவது இன்னும் பன்னிரண்டு நாட்கள்தாம். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

வாசகர்களில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. அப்பா முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். அம்மா நாற்பத்தொரு வருடம் உழைத்தவர். முதலில் பால்மரம் வெட்டினார். மரங்களை அழித்துச் செம்பனை போட்ட பிறகு உதிர்ந்த பழம் பொறுக்கினார். இந்த ஆண்டு அவருக்கு 60 வயது நிறைந்தது. மாத முடிவில் சாவியை ஆபீசில் கொடுக்க வேண்டும்.

"சாவி கொடுக்கறதுக்கு முன்னாடி இந்த நாட்டை ஒரு தடவை பார்த்துடணும்" என்று அம்மா கேட்டார். அவர் எங்களிடம் வேறு எதையும் கேட்டதில்லை.

வெளிநாடுகளில் படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்துக் கட்டிய வீட்டு வண்டிகளில் மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள். நம் நாட்டிலும் அவை வாடகைக்குக் கிடைக்கின்றன. அந்த வாடகை எங்களுக்குக் கட்டாது. தம்பி, காய்கறி ஏற்றிய பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்னால் பலகை அடித்து மெத்தை போட்டான். ஒரு கேஸ் அடுப்பு, தண்ணீர்ப் பீப்பாய், அரிசி மூட்டை, அம்மாவின் அம்மிக்குழவி. குழவி எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும்" என்பதுதான் பதில்.

சிரம்பான், கோலாலம்பூர், ஈப்போ வழியாகக் கோலகங்சார் போனோம். அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி கட்டிக் காப்பாற்றும் ஒரு பழைய பால்மரம் உண்டு. 1877-இல் இந்நாட்டுக்கு வந்த முதல் கன்றுகளில் அது ஒன்று என்று அங்கே சொல்கிறார்கள். அரண்மனையையும் பள்ளிவாசலையும் பார்த்து வியந்த அம்மா, இந்த மரத்தடியில் மட்டும் அரை மணி நேரம் நின்றார்.

"இதோட பேரப்பிள்ளைங்களைத்தான் நாம வெட்டினோமா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தலையாட்டினார். அம்மாவின் கட்டைவிரல் உளி பிடிப்பதுபோல் மடங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

கிரிக்கிலிருந்து கிளந்தான் பக்கம் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் இந்த மலைக்காட்டைக் குறுக்கே கடக்கச் சாலை இல்லை. வழியில் யானை கடக்கும் இடம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பண்டிங்கில், தெமங்கோர் ஏரிக்கரையில் வேனை நிறுத்திப் படுத்தோம். இரவெல்லாம் காட்டுச் சத்தம். விடிந்ததும் ஏரியை மூடி வெள்ளைப் பனி. அம்மா அடுப்பு மூட்டிக் கோப்பி போட்டார். "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று வேண்டுமென்றே அப்பா குரல் கொடுக்க, எல்லாரும் சிரித்தோம்.

கோத்தா பாருவிலிருந்து கடலோரமாகவே திரங்கானு, குவாந்தான் என்று இறங்கினோம். கடலைப் பார்த்தபடி பசியாறினோம். மீன் மலிவாய்க் கிடைத்தது. அம்மியில்லாமல் குழவி மட்டும் கொண்டுவந்ததன் பயன் அப்போதுதான் புரிந்தது. கடற்கரையில் கிடந்த தட்டைக் கல்லைக் கழுவி, அதில் மசாலை அரைத்தார் அம்மா.

ஆனால் பன்னிரண்டாம் நாளிலிருந்து பேச்சு மாறியது. "பக்கத்து வீட்டுப் பெரியம்மா கோழிக்குத் தீனி போட்டிருப்பாங்களா?" "கறிவேப்பிலைச் செடி காய்ஞ்சிருக்குமோ?" கடல் எதிரே இருக்க, அம்மாவின் மனம் லயத்து வாசலில் இருந்தது.

குவாந்தானுக்குத் தென்மேற்கே துன் ரசாக் நெடுஞ்சாலையில் சிகாமட் வந்தோம். வழி நெடுகச் செம்பனைதான். அடுத்தது கிம்மாஸ். கிழக்குக் கரை ரயில்பாதை பிரிகிற ஊர். தம்பின், ரெம்பாவ் தாண்டினால் நம்முடைய சடக்கு.

தோட்டத்து வாசலில் நாய் எங்களை அடையாளம் கண்டு ஓடி வந்தது. கதவைத் திறந்தால் பூட்டிய வீட்டின் ஈர வாடை. அப்பாவின் தோல் செருப்பில் பூஞ்சணம். சீனி டப்பாவில் எறும்பு. பெரியம்மா கோழிகளைக் கணக்குக் காட்டி ஒப்படைத்தார். ஒன்று கூடக் குறையவில்லை. கறிவேப்பிலை புதிதாய்த் துளிர் விட்டிருந்தது. அம்மா நேரே அடுப்படிக்குப் போய்க் குழவியை அம்மிமேல் வைத்தார். அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.

மலாய் மொழியில் ரந்தாவ் என்றால் ஆற்றின் நீண்ட ஓட்டம் என்றும் பொருள், சொந்த ஊரை விட்டுப் போய் வாழும் தூரதேசம் என்றும் பொருள். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போவதை மெரந்தாவ் என்பார்கள். சுமத்ராவிலிருந்து நெகிரி செம்பிலானுக்கு வந்து குடியேறிய மினாங்கபாவ் மக்களின் வாழ்க்கையோடு ஒட்டிய சொல் அது. எங்கள் தாத்தாவும் அப்படித்தான் வந்தார். 1937-இல், நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில். மறு ஆண்டே, 1938-இல், இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளரை அனுப்புவதை நிறுத்திவிட்டது. இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லி வந்தவர், லிங்கி ஆற்றங்கரையிலேயே கண் மூடினார். அவருக்குத் தூரதேசமாயிருந்த ரந்தாவ், நாடு முழுதும் சுற்றிய பிறகும் அம்மா தேடிய வீடாகிவிட்டது.

டவுன் பக்கம் தாமானில் சிறிய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். அம்மாவின் சேமநிதியிலிருந்து ஒரு பகுதி, தம்பியும் நானும் போட்டது மீதி. அந்த ஏற்பாட்டை ஐந்து வருடத்துக்கு முன்பே தொடங்கியதால்தான் இந்தப் பயணம் சாத்தியமாயிற்று. போக இடம் இல்லாதவருக்கு ஊர் சுற்ற மனம் வராது. தோட்டத்தில் இருக்கும் குடும்பங்கள் 60 வயதை எதிர்பார்த்திருக்காமல், கை கால் ஓடும்போதே இதை வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். பிள்ளைகள் பேச்சைத் தொடங்கினால் பெற்றோருக்குச் சங்கடம் குறையும்.

மறுநாள் காலை வேனைக் கழுவினோம். பலகையை எடுக்கப் போன தம்பியை அம்மா தடுத்தார்.

"இருக்கட்டும்பா. சாமான் எல்லாம் இதுலயே ஏத்திக்கலாம்."

அப்பா கறிவேப்பிலைச் செடியைச் சுற்றி மண்வெட்டியால் பதமாக வெட்டத் தொடங்கினார். வேர் அறாமல் எடுக்க வேண்டும். புது வீட்டு வாசலில் அதற்கு இரண்டடி இடம் இருக்கிறது.