கேட்பவரின் முகம்

பாடுகிறவரைப் பார்ப்பது எளிது. மேடையின் ஒளி அவர்மேல்தான் விழுகிறது. அரங்கத்தின் கண்களும் அவரையே நாடுகின்றன. ஆனால் அவர் யாரை நோக்கிப் பாடுகிறாரோ அவருடைய முகத்தில் என்ன நிகழ்கிறது என்பதை, பின்வரிசையில் அமர்ந்திருப்பவர் அறிவது அரிது. மேற்கத்திய இசை நாடகமாகிய ஓபராவைத் திரைப்படமாக்கியவர்களுள் சிலர் இந்தக் குறையை நீக்கியிருக்கிறார்கள். அப்படங்களை நாம் திரும்பத் திரும்ப நாடிச் செல்வதற்கு அதுவே காரணம்.

ஓபரா என்பது பெரும்பாலும் பாட்டினாலேயே நடத்தப்பெறும் நாடகம். ஒலிபெருக்கியின் துணையின்றி, பெரிய வாத்தியக் குழுவின் ஓசையையும் கடந்து கடைசி வரிசை வரை குரல் எட்ட வேண்டும். அதற்காகவே அதன் கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் பயில்கிறார்கள். குருமடத்தில் இறையியல் பயின்ற நாட்களில், இசையில் ஆர்வமுள்ள பேராசிரியர் ஒருவர் ஞாயிறு மாலைகளில் ஒளிநாடா கொண்டுவந்து திரையிடுவார். மொழி புரியாது; கதையை முன்னதாகவே சொல்லிவிடுவார். அப்படித்தான் இங்மார் பெர்க்மனின் ‘மாயப் புல்லாங்குழல்’ நமக்கு அறிமுகமாயிற்று.

மோசார்ட் 1791ஆம் ஆண்டு, தாம் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் வியன்னாவில் அரங்கேற்றிய இசை நாடகம் அது. லூத்தரன் சபைப் போதகர் ஒருவரின் மகனான பெர்க்மன் அதனை சுவீடன் நாட்டுத் தொலைக்காட்சிக்காக, சுவீடிய மொழியிலேயே படமாக்கினார். 1975ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் அது ஒளிபரப்பாயிற்று. டிராட்னிங்ஹோம் என்னும் இடத்தில் 1766இல் கட்டப்பெற்ற பழைய அரண்மனை அரங்கில் படம்பிடிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். படப்பிடிப்பின் பளுவைத் தாங்கும் நிலையில் அவ்வரங்கு இல்லை. ஆகவே அதன் மேடையை அப்படியே படப்பிடிப்புக் கூடத்தில் மறுபடியும் அமைத்தார்கள்.

படம் தொடங்கும்போது திரை விலகுவதில்லை. முன்னிசை ஒலிக்கும் அந்தச் சில நிமிடங்கள் முழுவதும் ஒளிப்படக் கருவி பார்வையாளர்களின் முகங்களையே காட்டிக்கொண்டிருக்கிறது. முதியோர், இளைஞர், பல நாட்டினர், பல நிறத்தினர். அவர்களிடையே மீண்டும் மீண்டும் ஒரு சிறுமியின் முகம். ஒருவரும் பேசவில்லை, ஒருவரும் நடிக்கவில்லை. கேட்கிறார்கள், அவ்வளவே. கேட்டல் என்பது சும்மா இருத்தல் அன்று, அதுவும் ஒரு செயல் என்பதை அந்த முகங்கள் நமக்கு உணர்த்தின.

அதே படத்தில் இன்னொரு கட்டம். இளவரசன் தாமினோ ஒரு சோதனைக்கு உட்பட்டு மௌனம் காக்கக் கடமைப்பட்டிருக்கிறான். அவன் அன்புக்குரிய பாமினா இதை அறியாள். அருகில் வந்து பேசுகிறாள், மறுமொழி இல்லை. அன்பு அற்றுப்போயிற்று என்று எண்ணி, உயிர் நைந்து பாடுகிறாள். அவளுடைய பாட்டு எவ்வளவு துயரமானதோ, அவ்வளவு துயரமானது அதைக் கேட்டும் வாய் திறவாமல் நிற்பவனின் நிலை. மௌனத்திற்குள் அன்பும் இருக்கலாம், அந்த மௌனமே அன்புக்குரியவரைக் கொல்லவும் கூடும் என்னும் இரண்டையும் ஒரே பாட்டில் வைத்துவிட்டார் மோசார்ட்.

இரண்டாவதாக நம் நெஞ்சில் நிற்பது, 1980களின் தொடக்கத்தில் ஃபிராங்கோ ஸெஃபிரெல்லி உருவாக்கிய ‘லா திராவியாத்தா’. வெர்தி 1853இல் வெனிஸ் நகரில் அரங்கேற்றிய நாடகம். காசநோயால் இறந்துகொண்டிருக்கும் வியோலெத்தா தன் வாழ்வை நினைத்துப் பார்ப்பதாகவே ஸெஃபிரெல்லி கதையைத் தொடங்குகிறார். பாரிஸ் நகரின் செல்வர்களுக்கு விலைப்பொருளாய் வாழ்ந்த அவள், அல்ஃப்ரேதோ என்னும் இளைஞனின் அன்பினால் புதுவாழ்வு காண்கிறாள். அப்போது அவனுடைய தந்தை வருகிறார். தம் மகளின் திருமணம் தடைப்படாதிருக்க, மகனை விட்டு விலகுமாறு கேட்கிறார்.

அந்தத் தந்தை தீயவர் அல்லர். குடும்ப மானம் காக்க வந்தவர். அவருடைய பாட்டும் கனிவானது, செவிக்கு இனியது. மேடையில் அதைக் கேட்போர் அவருடைய குரலழகில் மயங்கிவிடக் கூடும். ஆனால் திரையில் தெரசா ஸ்த்ராத்தாஸ் என்னும் பாடகியின் முகம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. கனிவான ஒவ்வொரு சொல்லும் அவள்மேல் எப்படி விழுகிறது என்பதை நாம் காண்கிறோம். நல்ல மனிதர்கள், நல்ல நோக்கத்துடன், நல்ல தமிழிலோ நல்ல இத்தாலிய மொழியிலோ பேசி, எளியவர் ஒருவரின் வாழ்வைப் பறித்துவிட முடியும். பேசுகிறவர் அதை உணர்வதில்லை. கேட்பவரின் முகத்தைப் பார்த்திருந்தால் உணர்ந்திருப்பார். நாடகத்தின் இறுதியில் அத்தந்தை உணர்ந்து வருந்துகிறார். அப்போது காலம் கடந்துவிடுகிறது.

மூன்றாவது படம் கேளாச் செவியைப் பற்றியது. ஜோசப் லோசி 1979இல் இயக்கிய ‘டான் ஜோவான்னி’. இதுவும் மோசார்ட்டின் படைப்பு. 1787இல் பிராக் நகரில் அரங்கேறியது. பல பெண்களை வஞ்சித்து, ஒருத்தியின் தந்தையையும் கொன்ற பிரபுவின் கதை. இத்தாலியின் விச்சென்சா நகரையொட்டி, கட்டடக் கலைஞர் பல்லாதியோ பதினாறாம் நூற்றாண்டில் வடிவமைத்த குன்றின்மேல் மாளிகையே படத்தின் முதன்மையான களம். ருஜ்ஜேரோ ராய்மொண்டி பிரபுவாக நடித்துப் பாடியிருக்கிறார். இறுதியில், கொல்லப்பட்டவரின் கற்சிலை விருந்துக்கு வந்து அவன் கையைப் பற்றி, மனம் மாறுமாறு மறுபடியும் மறுபடியும் அழைக்கிறது. ஒவ்வொரு முறையும் அவன் மறுக்கிறான். அவன் அழிவது, அழைக்கப்படாததால் அன்று. அழைப்பு செவிக்குள் செல்ல அவன் இடங்கொடாததால்.

லோசி இதில் மூலத்தில் இல்லாத ஒருவனைச் சேர்த்திருக்கிறார். கறுப்பு உடை அணிந்த பணியாள் ஒருவன். அவன் பாடுவதில்லை, பேசுவதுமில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் நிற்கிறான். உண்மையை அறிந்தும் எவருக்கும் அவன் துணையாவதில்லை. அந்தக் குளிர்ந்த பார்வை, பிரபுவின் ஆணவத்தைக் காட்டிலும் நம்மை அச்சுறுத்தியது. கேட்டல் மட்டும் போதாது என்பதற்கு அவன் சான்று.

ஓபராவைத் திரைப்படமாக்குவதை விரும்பாதவர்களும் உண்டு. உயிருள்ள குரல் அரங்கின் காற்றில் பரவுவதே அக்கலையின் உயிர். முன்னரே பதிவுசெய்த பாட்டுக்கு வாயசைப்பது பொய் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. எனினும் பின்னணிக் குரலோடு படம் பார்த்தே வளர்ந்த நமக்கு, ஒருவர் உடலும் மற்றொருவர் குரலும் இணைவது புதிதன்று. வாக்னரின் ‘பார்சிஃபால்’ நாடகத்தை 1982இல் படமாக்கிய ஹான்ஸ் யூர்கன் சீபர்பெர்க், கதைநாயகன் வேடத்தை ஓர் இளைஞனுக்கும் ஓர் இளம்பெண்ணுக்கும் பகிர்ந்தளித்தார். இருவருக்கும் ஒலிப்பது ஒரே ஆண் குரல். பெண் வாயிலிருந்து ஆண் குரல் எழும்போது நாம் திடுக்கிடுகிறோம். சற்று நேரத்தில் உடலை மறந்து, அந்த ஆன்மாவையே கேட்கத் தொடங்குகிறோம்.

இவையெல்லாம் பொழுதுபோக்குத்தானே என்று நண்பர் ஒருவர் நம்மிடம் வினவியதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கு இல்லத்திற்கு உடன்பிறந்தார் இருவர் வந்தனர். தந்தை விட்டுச்சென்ற நிலத்தின் பொருட்டு நெடுநாள் பகை. மூத்தவர் பேசத் தொடங்கினார். ஒரு மணி நேரம் பேசினார். சான்றுகள், தேதிகள், தாம் பட்ட செலவுகள் அனைத்தும் வரிசையாக வந்தன. நாம் அவர் சொற்களைச் செவியில் வாங்கிக்கொண்டே, இளையவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிலத்தைப் பற்றிய பேச்சுக்கு அந்த முகம் அசையவில்லை. தாயின் இறுதி நாட்களைப் பற்றி மூத்தவர் ஒரு சொல் சொன்னபோது மட்டும் அது உடைந்தது. அன்று நாம் கேட்ட முதல் கேள்வி நிலத்தைப் பற்றியதாக இல்லை. தாயைப் பற்றியதாக இருந்தது. வழக்கு அன்றே முடிந்துவிடவில்லை. ஆனால் இருவரும் அழுதார்கள். அடுத்த வாரமும் வந்தார்கள்.

இப்போது நாம் மிகவும் நேசிக்கும் படத்திற்கு வருவோம். ழான் பியேர் பொன்னெல் 1976இல் இயக்கிய ‘ஃபிகாரோவின் திருமணம்’. மோசார்ட் 1786இல் வியன்னாவில் அரங்கேற்றியது. பாடல் நாடகத்தை எழுதியவர் லொரென்சோ தா போந்தே. ‘டான் ஜோவான்னி’யை எழுதியவரும் அவரே. யூதக் குடும்பத்தில் பிறந்து, திருமுழுக்குப் பெற்று, 1773இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பெற்றவர். அவ்வாழ்வில் நிலைத்து நில்லாமல், ஒழுக்கக்கேட்டின் பொருட்டு வெனிஸிலிருந்து வெளியேற்றப்பட்டு, 1838இல் நியூயார்க் நகரில் மறைந்தவர். மன்னிப்பின் தேவையை அறிந்த கை எழுதிய நாடகம் என்றே அதை நாம் வாசிக்கிறோம்.

பொன்னெல் சில பாடல்களில் ஒரு புதுமை செய்தார். குரல் ஒலிக்கிறது, பாடுபவரின் உதடுகள் அசைவதில்லை. அது மனத்துக்குள் நிகழும் பேச்சு என்று நாம் அறிந்துகொள்கிறோம். மேடையில் இது இயலாது. வாய் மூடியிருக்கும்போதும் உள்ளம் பாடிக்கொண்டிருக்கிறது என்பதைத் திரை காட்டிவிடுகிறது.

இறுதிக் காட்சி இரவில், தோட்டத்தில் நடைபெறுகிறது. தன் மனைவி பிறனொருவனுடன் இருப்பதாக எண்ணிய பிரபு, எல்லாரையும் கூட்டி அவளைக் குற்றம் சாட்டுகிறான். ஒவ்வொருவராக மண்டியிட்டு அவளுக்காக மன்னிப்பு வேண்டுகிறார்கள். இல்லை, இல்லை என்று மறுக்கிறான். அப்போது மற்றொரு பக்கத்திலிருந்து உண்மையான மனைவி வெளிவருகிறாள். வேறொரு பெண்ணை நாடி இருளில் வந்தவன் தானே என்பதும், தான் நயந்து பேசியது மாறுவேடத்திலிருந்த தன் மனைவியிடமே என்பதும் அவனுக்குப் புலப்படுகின்றன. அத்தனை ஆரவாரமும் ஒரு கணத்தில் அடங்குகிறது. அவன் மன்னிப்புக் கேட்கிறான். மிகச் சில சொற்கள், மிக மெல்லிய இசை. சற்றுமுன் எத்தனை பேர் கெஞ்சியும் மறுத்தவன் அவன். அவளோ ஒரு முறை கேட்டதற்கே இணங்கிவிடுகிறாள்.

இக்கட்டத்தில் பிரபுவாகப் பாடுபவர் இருபதாம் நூற்றாண்டின் பெரும் பாடகர்களுள் ஒருவரான ஃபிஷர்-டீஸ்காவ். ஆயினும் நாம் பார்ப்பது, கேட்டுக்கொண்டு நிற்கும் சீமாட்டியை. அப்பாத்திரமேற்ற கிரி தெ கானாவாவின் முகத்தை. அவன் நாளையும் தவறக்கூடும் என்பதை அவள் அறிவாள். அறிந்தே மன்னிக்கிறாள். ஒப்புரவு அருளடையாளத்தில் பலகைக்கு இப்பால் அமர்ந்து கேட்பதே பணியாகக் கொண்ட நமக்கு, அந்த முகம் ஒரு பாடம். வாசக அன்பர்களே, வாய்ப்பு நேர்ந்தால் அப்படத்தின் இறுதிப் பத்து நிமிடங்களையேனும் பாருங்கள். பாடுகிறவரைச் செவியால் கேளுங்கள். கண்களைக் கேட்பவரின்மேல் வையுங்கள். பின்னர் உங்கள் இல்லத்தில், உணவு வேளையில், ஒருவர் பேசும்போது பேசாதிருப்பவரின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.