ஆற்றில் போட்டதை ஆற்றிலேயே தேடுங்கள்

திருமுதுகுன்றம் என்பது எங்கள் விருத்தாசலத்தின் பழைய பெயர். சுந்தரர் இங்கே இறைவனிடம் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது தலவரலாறு. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடும் பேச்சு அந்தக் கதையோடுதான் ஊரெல்லாம் பரவியது என்பார்கள். சுந்தரருக்கு அருள் இருந்தது, குளத்தில் கிடைத்தது. நமக்கு ஆற்றில் போட்டது ஆற்றில்தான் கிடைக்கும். பீங்கான் சூளைகளின் மின்னணுக் கருவிகளோடு காலம் கழித்த நான் இளையவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

அந்தக் காலத்தில் சூளையின் துவாரம் வழியே நெருப்பின் நிறத்தைப் பார்த்தே பக்குவம் சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள். இன்று அந்தப் பொறுப்பு கன்ட்ரோலரிடம் இருக்கிறது. மணிக்கு எத்தனை டிகிரி ஏற வேண்டும், எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்படி இறங்க வேண்டும் என்று அதற்குள் எழுதி வைக்கிறோம். இது சின்ன விஷயமில்லை. 573 டிகிரி செல்சியஸை ஒட்டி மண்ணிலுள்ள குவார்ட்ஸ் தன் படிக வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. அளவும் சட்டென்று மாறுகிறது. அந்த இடத்தில் அவசரமாக ஆறவிட்டால் பொம்மையானாலும் பியூஸ் கேரியரானாலும் விரிசல் விடும். பல பேருடைய உழைப்பு ஒரே இரவில் வீணாகும்.

அந்தக் கட்டளைகளை எழுத லேப்டாப்பைக் கன்ட்ரோலரோடு இணைக்க வேண்டும். அங்கேதான் "கனெக்‌ஷன் கிடைக்கலை" என்ற குரல் எழும். உடனே சந்தேகம், இருப்பதிலேயே விலை கூடிய பொருளின் மேல் பாயும். ஒரு தொழிற்கூடத்தில் இளைஞர் ஒருவர் கன்ட்ரோலரைக் கழற்றி, புதிய கார்டு வாங்கலாமா என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, இந்தக் கேபிள் எங்கே கிடைச்சுது?" என்றேன். "போன் சார்ஜ் போடறதுங்க ஐயா" என்றார். சார்ஜுக்கு மட்டும் செய்த கேபிள்களில் மின்சாரக் கம்பிகள் மட்டுமே இருக்கும். தகவல் போகும் கம்பிகள் இருக்காது. வேறு கேபிள் மாட்டியதும் லேப்டாப் கருவியை அடையாளம் கண்டுகொண்டது.

அதனால் தேடுவதற்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் மின்சாரம். விளக்கு எரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். குறைந்த வோல்டேஜிலும் விளக்கு எரியும். பியூஸைப் பாருங்கள். 24 வோல்ட் வருகிறதா என்று கருவியின் முனையிலேயே மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். அடுத்தது கேபிள். அதன் பிறகு லேப்டாப்பில் டிரைவர் ஏறியிருக்கிறதா, காம் போர்ட் எண் என்ன என்று பாருங்கள். வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் அந்த எண் மாறக்கூடும். 2014 அக்டோபரில் பரவிய ஒரு டிரைவர், யுஎஸ்பி கேபிள்களுக்குள் இருந்த போலி எஃப்டிடிஐ சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கியது. முதல்நாள் வரை ஓடிய கேபிள்கள் மறுநாள் கணினிக்குத் தெரியவில்லை. அன்று கன்ட்ரோலர்மேல் பழி போட்டவர்கள் குளத்தில் தேடியவர்கள்.

போர்ட் கிடைத்தும் பேச்சு நடக்கவில்லை என்றால், வேறு மென்பொருள் ஏதாவது அதே போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வேகம், பாரிட்டி, கருவியின் முகவரி எண். ஒரு பக்கம் 9600 என்றும் மறுபக்கம் 19200 என்றும் இருந்தால் இரண்டும் பேசிக்கொள்ள முடியாது. ஆர்எஸ்-485 இணைப்பென்றால் ஏ, பி கம்பிகளை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி குறிப்பதில்லை. 1,200 மீட்டர் வரை போகக்கூடிய இணைப்பு அது. ஆனால் நீளமான கம்பிக்கு இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். ஹீட்டர் கேபிளோடு சேர்த்துக் கட்டக் கூடாது.

இன்னும் இரண்டு சொல்கிறேன். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். நான்கை ஒன்றாக மாற்றி ஓடிவிட்டால், எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி இருட்டுதான். இரண்டாவது, கன்ட்ரோலரில் புதிய புரோகிராமை எழுதுமுன் உள்ளே இருக்கும் பழையதைப் படித்துச் சேமித்துவிடுங்கள். பழைய பிஎல்சி கன்ட்ரோலர்கள் பலவற்றில் புரோகிராம் ஒரு சிறு பேட்டரியின் தயவில் நிற்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அந்தப் பேட்டரியைக் கழற்றி வைத்தால் எல்லாம் அழிந்துபோகும்.

மனிதர்களிடமும் இந்த வரிசையையே கடைப்பிடிக்கிறேன். வெளியூரில் இருக்கும் பிள்ளை போன் எடுக்கவில்லை என்றால், பாசம் போய்விட்டது என்று மனசு உடனே பெரியதை நினைக்கிறது. அவனுக்கு இரவு ஷிப்டாக இருக்கலாம், போனில் சார்ஜ் இல்லாமல் இருக்கலாம். போன வாரம் நாம் பேசிய தொனியே காரணமாகவும் இருக்கலாம். நம் பக்கத்தை முதலில் பாருங்கள். ஒரு மனத்தாங்கலைப் பேச உட்கார்ந்தால் அதை மட்டும் பேசுங்கள். பத்து வருடக் கணக்கையும் சேர்த்து அவிழ்த்தால் எது வலித்தது என்று இருவருக்குமே தெரியாமல் போகும். உறவில் உள்ளே இருக்கும் நல்லதைப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் எதையும் மாற்றத் துணிய வேண்டும்.

சந்தேகப்படுவது தப்பில்லை, தம்பிகளே, தங்கைகளே. எளியதிலிருந்து கடினமானதற்கு, நம் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு, ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுங்கள். அப்படிச் செய்தால் நல்ல கருவியையும் நல்ல மனிதரையும் வீணாகக் கழித்துக்கட்ட மாட்டீர்கள்.