ஐம்பது டாலர் ஜீப்பு

மக்காச்சோளத்துக்கு மேலுரம் போட்டாச்சு. இனி மழைக்குத்தான் காத்திருக்கோம். அதனால இந்த வாரம் விவசாயத்தை விட்டுட்டு ஒரு பழைய விளம்பரத்தைப் பத்தி எழுதறேனுங்க.

எனக்கு இன்ஜின் பைத்தியம் கொஞ்சம் உண்டு. உக்கடம் பக்கம் போனா, பழைய புத்தகக் கடையில அமெரிக்க மெக்கானிக் புத்தகம் கிடைச்சா வாங்கிட்டு வந்துருவேன். இங்கிலீஷு முக்கால்வாசி புரியாது, படத்தைப் பார்த்தே படிச்சுக்குவேன். அந்தப் புத்தகங்களோட கடைசிப் பக்கங்கள்ல பொடிப்பொடியா விளம்பரம் இருக்கும். அதுல ஒரு ரகம், மிலிட்டரி ஜீப்பு அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும், விவரத்துக்குத் தபால்ல காசு அனுப்புங்கன்னு சொல்றது.

அமெரிக்காவுல ஒரு தலைமுறையே இதை நம்புச்சு. மரப்பெட்டிக்குள்ள கிரீஸ் தடவின புது ஜீப்பு, விலை ஐம்பது டாலர்னு ஊரூரா பேச்சு. காசு அனுப்பினவங்களுக்கு வந்தது ஜீப்பு இல்லைங்க. அரசாங்க ஏலத்துல எப்படிக் கலந்துக்கறதுன்னு சொல்ற ஒரு சின்னப் புத்தகம்! விளம்பரத்தை எழுத்தெண்ணிப் படிச்சா அதுல பொய்யுன்னு பெருசா ஒண்ணும் இருக்காது. விவரம் தர்றோம்னுதான் போட்டிருப்பாங்க. ஜீப்பைப் பார்த்தது வாங்கறவனோட ஆசைதான்.

அந்த ஆசைக்கும் காரணம் இருந்துச்சு. இரண்டாம் உலகப் போர்ல வில்லிஸ், ஃபோர்டு ரெண்டு கம்பெனியும் சேர்ந்து சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம் ஜீப்பு செஞ்சாங்க. கப்பல்ல இடம் மிச்சம் பிடிக்கப் பாதி கழட்டி மரப்பெட்டியில அடைச்சு அனுப்பினதும் நிஜம். சண்டை முடிஞ்சதும் 1946-ல இருந்து மிச்சச் சாமானை விக்கறதுக்குன்னே ஒரு அரசாங்க ஆபீசு நடந்துச்சு. ஆனா வெளிநாட்டுக்குப் போன வண்டிகள்ல பெரும்பகுதி திரும்பி வரலை. அங்கங்கயே வித்தாங்க, கொடுத்தாங்க, விட்டுட்டும் வந்தாங்க. உள்ளூர்ல வித்ததுலயும் சண்டைக்குப் போயிட்டு வந்தவங்களுக்குத்தான் முன்னுரிமை. அரசாங்கமே ஒரு ஜீப்பை எழுநூறு டாலருக்கு மேல குடுத்துத்தான் வாங்கியிருந்துச்சு. அது எப்படிங்க ஐம்பதுக்கு வரும்?

ஜீப்பு மேல கண்ணு வெச்சதுல விவசாயிகளும் உண்டு. அறுபது குதிரை இன்ஜின், நாலு சக்கரமும் இழுக்கும். வில்லிஸ் கம்பெனி இதைக் கண்டுக்கிட்டு, 1945-லயே சாதாரண ஜனங்களுக்குன்னு ஒரு ஜீப்பை விட்டுச்சு. உழவுக்கு ஆகும், மிஷின் ஓட்டலாம்னு தோட்டக்காரங்களைக் குறி வெச்சு விளம்பரம். நம்ம டிராக்டர்ல ரோட்டவேட்டர் ஓட்டற பி.டி.ஓ. மாதிரி அதுலயும் மாட்டிக்கலாம்.

இதெல்லாம் பழைய கதைதானேன்னு நினைப்பீங்க. போன மாசம் பக்கத்துத் தோட்டத்துப் பையன் செல்லைத் தூக்கிட்டு ஓடி வந்தான்.

"மாமா, ஆர்மி ஜோங்காங்க மாமா. தொண்ணூறாயிரந்தான். ஆபீசருக்கு டிரான்ஸ்பராம், அவசரமா விக்கறாராம்."

போட்டோவுல வண்டி பளபளன்னு நிக்குது. கூடவே ஒரு ஐடி கார்டு போட்டோ. லாரி வாடகைக்குப் பதினஞ்சாயிரம் இப்பவே போடணுமாம். அது அவங்கம்மா பால் சொசைட்டியில சேர்த்து வெச்ச பணம்.

நான் வேண்டாம்னு சொல்லலை. சொன்னா வயசுப் பசங்க கேப்பாங்களா? அந்த அமெரிக்கப் புத்தகத்தை எடுத்துக் காட்டி, இந்தக் கதையைத்தான் சொன்னேன். அப்புறம், "கண்ணு, வண்டியை நேர்ல பார்க்கணும், எங்க வரட்டும்னு மட்டும் கேளு"ன்னேன். கேட்டான். அந்தப் பக்கம் முதல்ல கோபம், அப்புறம் "ராணுவ முகாமுக்குள்ள வெளியாளை விடமாட்டாங்க", அப்புறம் போன் சுவிட்ச் ஆஃப். பையனுக்கு முகம் தொங்கிப் போச்சு. பணம் தப்பிச்ச சந்தோஷத்தைவிட வண்டி போன வருத்தம்தான் அவனுக்கு.

பட்டாளம் கழிக்கற வண்டி நம்ம நாட்டுலயும் வெளிய வருதுங்க, இல்லைன்னு இல்லை. ஆனா அதுக்கு வழி ஏலந்தான். எம்.எஸ்.டி.சி.ங்கற அரசு நிறுவனம் ஆன்லைன்ல நடத்துது. முன்பணம் கட்டணும், வண்டியைப் போய்ப் பார்த்துக்கணும், நிக்கற நெலமையிலயே எடுத்துக்கணும். டிரான்ஸ்பர் ஆன ஆபீசர் யாரும் சர்க்கார் வண்டியைச் செல்போன்ல விக்க முடியாது.

பையனுக்கு ஜீப்பு ஆசை இன்னும் விடலை. விட வேண்டியதும் இல்லை. மகிந்திரா 1947-ல நம்ம நாட்டுல கோத்து விட ஆரம்பிச்சது அதே வில்லிஸ் ஜீப்பைத்தான். பொள்ளாச்சிப் பக்கம் ஒருத்தர் பழைய மகிந்திரா ஜீப்பு வெச்சிருக்காராம். ஞாயித்துக்கிழமை அவனும் அவங்கப்பாவும் நானும் பார்க்கப் போறோம். சேஸ்ல துரு இருக்கான்னு பார்க்க நான் ஒரு சுத்தியல் எடுத்து வெச்சிருக்கேன். வேற எதைப் பார்க்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.