ஊரார் என்னும் உரிமை

நகரசபை என்றதும் நம் நினைவுக்கு வருவன தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் குப்பை வண்டியுமே. நாட்டினுள் யார் இருக்கலாம், யார் வெளியேற வேண்டும் என்று தீர்ப்பது மத்திய அரசின் வேலை. அவ்வாறிருக்க, எந்த இரவில் கதவு தட்டப்படுமோ என நடுங்கும் குடும்பத்துக்கு நகரசபை என்ன செய்துவிட முடியும்? சபர் போனவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு இது அயலார் கேள்வியன்று. ரங்கூனிலும் பினாங்கிலும் துபாயிலும் நம்மவர் பாஸ்போர்ட்டையும் பெர்மிட்டையும் உயிர்போல் காத்தனர். அவற்றின் தவணை முடியும் நாளை வீட்டுப் பெண்கள் இங்கிருந்தே எண்ணிக்கொண்டிருந்தனர்.

இக்கேள்விக்கு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள நியூ ஹேவன் நகரம் தந்த விடை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அங்கே குடியேற்ற ஆவணமில்லாத தொழிலாளர் பலர், வங்கிக் கணக்குத் தொடங்க வழியின்றிக் கூலியைக் கையிலேயே வைத்திருந்தனர். இதை அறிந்த கள்வர் அவர்களையே வழிமறித்தனர். பறிகொடுத்தவரோ, காவல் நிலையம் சென்றால் நாடு கடத்தப்படுவோம் என்றஞ்சி வாய்மூடி இருந்தார். இந்நிலையை மாற்ற, குடியேற்ற நிலை எதுவாயினும் ஊரில் வாழ்வோர் அனைவர்க்கும் அடையாள அட்டை வழங்க 2007 ஜூன் 4 அன்று நகரசபை இசைந்தது.

இரண்டே நாளில், ஜூன் 6 காலையில், மத்திய அரசின் குடியேற்ற அதிகாரிகள் அந்நகரின் ஃபேர் ஹேவன் பகுதியில் வீடு வீடாக நுழைந்து ஏறத்தாழ முப்பது பேரைப் பிடித்தனர். நகரசபை பின்வாங்கவில்லை. ஜூலையில் அட்டை வழங்கப்பட்டபோது, தேவை ஏதுமில்லாத குடிமக்களும் வரிசையில் நின்று வாங்கினர். ஆவணமற்றோர் மட்டும் வாங்கினால் அட்டையே அவர்களைக் காட்டிக்கொடுக்கும் அன்றோ? பின்னர், பிடிபட்டோருள் 11 பேர் தொடுத்த வழக்கில் 3,50,000 டாலர் வழங்க 2012-இல் மத்திய அரசு உடன்பட்டது.

நியூயார்க் நகரம் வேறொரு வழியையும் திறந்தது. அமெரிக்கக் குடியேற்ற மன்றத்தில், வழக்கறிஞர் வைக்க வசதியற்றவருக்கு அரசு ஒருவரை அமர்த்தித் தருவதில்லை. தாய்மொழி மட்டும் அறிந்தவரும் தேர்ந்த அரசு வழக்கறிஞரின் எதிரே தனியாக நிற்க நேரும். 2013-இல் அந்நகரசபை பணம் ஒதுக்கி, காவலிலிருந்த ஏழைகளுக்கு வழக்கறிஞரை அமர்த்தும் ஏற்பாட்டைத் தொடங்கியது.

ஆனால் உதவும் கையும் விழிப்பாயிருக்க வேண்டும். 2015-இல் நியூயார்க்கும் அட்டை வழங்கத் தொடங்கி, விண்ணப்பித்தோர் தந்த ஆவணங்களின் நகல்களைச் சேர்த்து வைத்தது. 2016 தேர்தலுக்குப் பின், அவை மத்திய அரசின் கைக்குப் போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது. நகல்களை அழிக்கக் கூடாதெனச் சிலர் வழக்கிட்டனர். அழிக்கலாம் என 2017-இல் மன்றம் தீர்ப்பளித்தது. ஏழைக்கு உதவப் பெயரெழுதும் ஏடு, அவனைத் தேடுவோருக்கு வழிகாட்டியாகவும் ஆகலாம். தேவைக்கு மேல் எழுதாதிருப்பதும் ஓர் உதவியே.

நகரசபையின் அட்டை நாடு கடத்தலைத் தடுக்காது. அதன் வழக்கறிஞர் எல்லா வழக்கிலும் வெல்வதில்லை. எனினும் திருட்டுக் கொடுத்தவர் அஞ்சாமல் முறையிடவும், நோயுற்ற குழந்தையைத் தாய் தயங்காமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவும் இயலுமாயின், அது சிறிய காரியமா? ஒருவர் இந்நாட்டினரா என்று கேட்க வேறு அதிகாரிகள் உளர். இத்தெருவில் வாழ்கிறாரா என்று மட்டும் கேட்டு விளக்கேற்றும் சபை, அத்தெருவில் உள்ள எல்லார்க்கும் உரியது என்பதே நம் துணிபு.