தளர்ந்த தந்தி

சிறிய பாஸ் கிட்டாரின் தந்தி தளர்ந்து நிற்பதை எல்லோரும் குறை என்கிறார்கள். எனக்கு அதில்தான் ஈர்ப்பு. 1951-ல் ஃபெண்டர் வகுத்த அளவில் தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம். அதே தந்தியை அதே சுருதிக்கு 30 அங்குலத்தில் கட்டினால் இழுவிசை ஏறக்குறைய 22 சதவிகிதம் குறைகிறது. 1961-ல் ஹாம்பர்கில் பால் மெக்கார்ட்னி வாங்கிய ஹோஃப்னர் இந்தச் சிறிய ஜாதிதான். தளர்ந்த தந்தி விரலுக்கு இணங்கும். பக்கவாட்டில் இழுத்தால், வீணையில்போல், ஸ்வரம் நகர்கிறது.

இழுவிசையை மீட்கத் தடித்த தந்தி போடலாம். கணக்குப்படி, கீழ்த் தந்தி 105-க்குப் பதில் 119 வேண்டும். அந்தத் தடிமனில் அது தந்தியல்ல, கம்பி, மேற்சுரங்கள் செத்துவிடும். நான் 105-லேயே நின்றேன். ஆனால் உருண்டைக் கம்பி சுற்றியதல்ல, தட்டை நாடா சுற்றியது. அதற்கு இயல்பிலேயே கொஞ்சம் விறைப்பு உண்டு. இன்னொரு காரணம் புதுச்சேரி. உருண்டைச் சுற்றின் பள்ளங்களில் வியர்வையும் கடலுப்பும் ஏறி, குருசுக்குப்பத்துக் காற்றில் அதன் பளபளப்பான குரல் சில வாரங்களில் மங்கிவிடும். தட்டைத் தந்திக்கு இழக்கப் பளபளப்பே இல்லை.

எனக்குக் கிடைத்தது 34 அங்குலத்துக்கான செட். அதை முறுக்காணியில் மடக்கிய பிறகே வெட்ட வேண்டும். முதல் செட்டைக் கடைக்காரர் ஒருவர் மடக்காமலே நறுக்கினார். சுற்று நழுவி, தந்தி ஊமையாயிற்று.

உண்மையான தகராறு உயரத்தில். தந்தியைத் தாழ்த்தினால் ஃப்ரெட்டில் உரசி இரைகிறது. தளர்ந்த தந்தி இன்னும் அதிகமாக. சர்ச் குழுவில் வாசிக்கும் நண்பர் அதை நோய் என்கிறார். நம் தம்புராவிலோ தந்திக்கும் குதிரைக்கும் நடுவே நூல் செருகி, தந்தி குதிரையின் முதுகில் உரசும்படி செய்கிறோம். அதற்கு நாம் வைத்த பெயர் ஜீவா. மீட்டும் புள்ளியில் கணு விழும் மேற்சுரங்கள் எழக்கூடாது என்ற பழைய விதியைத் தம்புராவும் வீணையும் மீறுவதை சி.வி. ராமன் 1921-ல் எழுதினார். ஒரு மரபு உயிர் என்பதை இன்னொரு மரபு பழுது என்கிறது. இரண்டு காதுகளோடும் வளர்ந்தவன் எந்த உயரத்தில் நிறுத்துவது? 'மூடுபனி'யின் (1980) 'என் இனிய பொன் நிலாவே'யில் பாஸ் துணைக்கு நிற்காமல் தனி வழியில் நடப்பதைக் கேட்ட நாளிலிருந்து, இது வெறும் திருப்புளி வேலையாக எனக்குப் படவில்லை.

ஐப்பசி மழையில் கழுத்து மரம் ஈரம் குடித்து அசைகிறது. உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புகிறேன். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் கீழ்த் தந்தி இப்போது 2 மில்லிமீட்டர் உயரத்தில். மெதுவாக மீட்டினால் சுத்தம். ஓங்கி மீட்டினால் இரைச்சல் எழுந்து அடங்குகிறது. நண்பர் வரும் மாலைகளில் மட்டும் ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிளைக் குறைத்து வைக்கிறேன்.