பார்க்க மட்டும் கிடைத்த மலை

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைநாட்டில், டோர்ஃப்ஹவுஸ் என்னும் சிற்றூரிலிருந்து ப்ரோக்கன் உச்சிக்குச் செல்லும் நடைபாதை கதேயின் பெயரைத் தாங்கியது. 1777 டிசம்பரில், உறைபனியில் அவர் இங்கிருந்துதான் ஏறினார். உயரம் 1141 மீட்டர். கொடுமுடிகளை எதிர்பார்த்துச் செல்பவருக்கு ஏமாற்றமே.

ஆனால் 1961 ஆகஸ்டு முதல் 1989 இறுதிவரை அந்த உச்சி பொதுமக்களுக்கு அடைபட்டிருந்தது. டோர்ஃப்ஹவுஸ் மேற்கு ஜெர்மனியில், உச்சி கிழக்கில். மேற்கிலிருந்தோர் இங்கு நின்று பார்த்துவிட்டுத் திரும்பினர். கிழக்கில் அடிவாரத்து ஊராருக்கும் அதே கதிதான். உச்சியைச் சுற்றிக் கான்கிரீட் மதில். உள்ளே சோவியத் படையினரும் கிழக்கு ஜெர்மன் உளவுத்துறையினரும் மேற்கின் பேச்சுகளை ஒட்டுக்கேட்டனர். காண்பதற்கென ஏறிய மலை கேட்பதற்கென ஆயிற்று! 1989 டிசம்பர் 3 அன்று, திரளாக ஏறிவந்த மக்கள் வாயிலைத் திறக்கச் செய்தனர்.

நான் ஏறியபோது வழியெங்கும் பட்டைவண்டு அரித்த ஊசியிலை மரங்கள் சாம்பல்நிறக் கழிகளாய் நின்றன. உச்சியில் ‘பிசாசின் பிரசங்க மேடை’ என்ற கருங்கற்பாறை மட்டும் புலப்பட்டது, மற்றதெல்லாம் மூடுபனி. ஆண்டில் ஏறக்குறைய 300 நாட்கள் இப்படித்தானாம். அருகில் ஒரு முதியவர் அந்த வெண்மைக்குள் கைநீட்டிப் பேத்திக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தார். அவர் பேச்சில் டோர்ஃப்ஹவுஸ் என்ற ஒரு சொல்தான் எனக்கு விளங்கியது.