10 எம்.எம். பிளேடு

தஞ்சாவூர்ப் பக்கம் பழைய வீட்டு நிலைவாசலைப் பழுதுபார்க்கக் கூப்பிட்டால் முதல் கேள்வியே, "நிலையைப் பேர்க்காம முடியுமாண்ணே?" என்பதுதான். நட்ட நிலையை அசைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கைவைக்கவே விடமாட்டார்கள். தை அறுவடை முடிந்து, நெல் விற்ற காசு வந்த பிறகுதான் எனக்கு இந்த வேலை.

கெடுவது பெரும்பாலும் நிலையின் கால். தரை ஈரம் ஏறும், பின்னாலேயே கறையான். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். விரல்முட்டியால் தட்டினால் உள்ளே வெறும் கூடு. தேக்கின் வைரத்தில் கறையான் அவ்வளவாக வாய் வைக்காது, ஓரத்து வெள்ளையை விடாது.

அரித்ததை வெட்டி எடுத்துப் புதுக்கட்டை ஒட்டவேண்டும். கைரம்பத்தின் பிடி தரையில் இடிக்கும். கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தால் பக்கத்துச் சுண்ணாம்புப் பூச்சு பொலபொலவென்று உதிரும். அங்கேதான் மல்டி டூல் என்கிற கைமெஷின். உளி பிடித்த வீட்டில் பிறந்துவிட்டு இதை நம்பிப் பிழைக்கிறேன் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இதில் பிளேடு சுற்றாது. சுமார் 3 டிகிரிக்குள் இடமும் வலமும் ஆடும், நிமிடத்துக்கு 20,000 தடவை வரை. மாவுக்கட்டு அறுக்க அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர் 1940-களில் செய்த ரம்பத்துக்கும் இதே ஆட்டம்தான். இறுகிய மாவு அறுபடும். தோல் கூடவே அசைந்து கொடுப்பதால் தப்பிக்கும்.

மெஷினை விட பிளேடுதான் பேசும் என்பது எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. நேர்வெட்டுக்கு 32 எம்.எம். அகல பிளேடு போதும். ஆனால் நிலைக்காலின் அடியில் தாமரை மொட்டு செதுக்கியிருந்தால், இதழுக்கும் சட்டத்துக்கும் நடுவே நுழைவது 10 எம்.எம். மட்டுமே. பல் கொஞ்சதூரமே நகர்வதால் தூள் வெளியே வராது. அழுத்தினால் சூடேறி மரம் கருகும், பல்லும் போகும். இழுத்து இழுத்து, பக்கவாட்டில் லேசாக ஆட்டிக்கொண்டே இறக்கவேண்டும். உள்ளே பழைய இரும்பு ஆணி இருக்குமென்று சந்தேகம் வந்தால் பைமெட்டல் பிளேடு. வெறும் மரப் பிளேடு ஆணியில் பட்டால் அதோடு சரி. வாங்கும்போது மெஷினில் மாட்டும் பிடியையும் பார்க்கவேண்டும். போஷும் ஃபைனும் 2016-ல் கொண்டுவந்த ஸ்டார்லாக் பிளேடு எல்லா மெஷினிலும் உட்காராது.

முதலில் தேய்வது முனையின் இரண்டு மூலைப் பல். நான் தூக்கிப்போடுவதில்லை. கிரைண்டரில் பல்லை எடுத்துவிட்டு முனையைத் தட்டையாகத் தீட்டினால், செதுக்கலுக்குள் அடைந்த பழைய பெயின்டைச் சுரண்ட அதைப்போல ஒன்று கடையில் கிடைக்காது.

கோட்டுக்கு ஒரு எம்.எம். முன்னாலேயே மெஷினை நிறுத்திவிடுவேன். மிச்சம் உளிக்கு. ஒட்டு இழை தெரியாமல் சேர அதுதான் வழி. பார்க்கிறவர் கண்ணில் உளித்தடம் படவேண்டும் என்ற கர்வமும் கொஞ்சம் உண்டு. கணக்குச் சீட்டில் பிளேடு என்று எழுதமாட்டேன், 'ஆணி, பசை, இதர' என்பதில் போய்விடும். உளி வேலை என்றால்தான் இன்னமும் கூலி பேச முடிகிறது.